நொடிக்கு ஒரு படம் அதிகம்

ஃபிலிமில் எடுத்த சினிமாவை எடிட் செய்யச் சொல்லி ஒருவர் எங்கள் வீட்டுப் படியேறி வந்தபோது முதலில் நான் நம்பவில்லை. புலியகுளத்தில் எங்கள் மாடியறையில் நடப்பதெல்லாம் கல்யாண வீடியோ, பம்ப்செட் கம்பெனி விளம்பரம், வருஷத்துக்கு ஒருமுறை பங்குக் கோயிலின் தேர்பவனி. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு எடிட்டரிடம் உதவியாளராக இருந்தவள் நான் என்பதை என் வீட்டுக்காரரே மறந்துபோயிருந்தார். இந்தத் தம்பி எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

தாராபுரம் பக்கம் தோட்டம், தென்னந்தோப்பு உள்ள குடும்பம். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். நான் அவரைத் தம்பி என்றேன், அவர் என்னை அக்கா என்றார், இரண்டு பேரும் வாய்க்கு வாய் 'ங்க' போட்டுக்கொண்டோம். அதுதான் அவருடைய முதல் படம். பேச்சுவார்த்தை இல்லாத அக்காவும் தம்பியும், இறந்துபோன அப்பாவின் அஸ்தியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறிக் கொடுமுடிக்குக் காவிரியில் கரைக்கப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. எனக்குப் பிடித்திருந்தது.

"எல்லாரும் டிஜிட்டலுக்குப் போயாச்சு. நீங்க எதுக்குங் தம்பி ஃபிலிம்ல எடுத்தீங்க?" என்றேன்.

"மனசுல அப்படித்தானுங்க்கா தெரிஞ்சுது," என்றார். 

படப்பிடிப்பு முடிந்து நெகடிவ் மும்பையில் ஃபிலிம் கழுவும் ஒரு லேபில் இருந்தது. எடிட்டுக்கு எந்த மாதிரி ஃபைல் வேண்டும் என்று லேபிலிருந்து கேட்டிருந்தார்கள். அதை முடிவு செய்யத்தான் அன்றைக்கு வந்திருந்தார். நான் காபி கொடுத்து உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னேன். நெகடிவை எடிட்டர் தொடமாட்டார். லேப் அதை ஒருமுறை ஓட்டி, கம்ப்யூட்டரில் பார்க்க ஃபைலாக மாற்றி அனுப்பும். அந்த ஃபைல் வெட்டி ஒட்டிப் பார்க்க மட்டும்தான். படம் முடிவானபிறகு, அதில் நிற்கிற துண்டுகளை மட்டும் லேப் நெகடிவில் தேடி எடுத்து, நிதானமாக, உயர்ந்த தரத்தில் திரும்ப ஸ்கேன் செய்யும். தியேட்டருக்குப் போவது அதுதான்.

"அதனால இப்ப நமக்கு மூணே மூணு விஷயம் சரியா வரணுங் தம்பி. ஃபைல் சின்னதா இருக்கணும், இல்லீன்னா என் மெஷின் இழுக்காது. கேமரா நொடிக்கு இருபத்திநாலு படம் எடுத்திருக்குது, ஃபைலும் அதே இருபத்திநாலா இருக்கணும். அப்புறம், ஃபிலிம் ஓரத்துல அச்சடிச்சிருக்கற நம்பர் படத்துக்குக் கீழே தெரியணும். அந்த நம்பரை வெச்சுத்தான் எந்தத் துண்டு எந்த ரோல்ல எங்கே இருக்குதுன்னு லேப் கண்டுபிடிக்கும்."

"ஆகட்டுங்க்கா," என்றார்.

அதை மூன்று வரியில் மெயிலாகவும் எழுதிக் கொடுத்தேன். லேபுக்கு அவர்தான் வாடிக்கையாளர், அதனால் அவர் பெயரில்தான் போக வேண்டும். அனுப்பிவிடுங்கள் என்றேன். அதற்கும் ஆகட்டுங்க்கா என்றார். எங்கள் பக்கத்தில் 'ஆகட்டுங்க' என்றால் சம்மதம் என்றும் அர்த்தம் உண்டு, நீங்கள் பேசி முடித்தது எனக்குக் கேட்டது என்றும் அர்த்தம் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. இருந்தும் நிம்மதியாகத்தான் கீழே இறங்கிப் போய் அன்றைக்குக் குழம்பு வைத்தேன்.

ஹார்டு டிஸ்குகளை அவரே காரில் கொண்டுவந்தார். ஒரு பெட்டி நிறைய.  நான் கேட்ட ஃபைலெல்லாம் ஒரே டிஸ்கில் அடங்கியிருக்க வேண்டும்.

ஒன்றை மாட்டித் திறந்தேன். படம் அருமையாக இருந்தது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் காலை வெயில், வெற்றிலைக் கூடை, நனைந்த சிமெண்டுத் தரை. ஒரு நொடி தெரிந்தது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. மெஷின் மூச்சுவாங்கிற்று. திரும்ப ஓட விட்டேன். திரும்ப நின்றது. கீழே நம்பரும் இல்லை.

"தம்பி, நம்பர் எங்கீங்க?"

"லேப்ல ஒரு சாம்பிள் அனுப்புனாங்க்கா. முகத்துக்குக் கீழே நம்பர் ஓடிக்கிட்டே இருக்குது. பார்க்கவே நல்லால்லீங்க. சீனுக்குள்ள மனசே போகமாட்டேங்குது. எடுத்துப்போடச் சொல்லிட்டேனுங்க."

"பெரிய ஃபைலா கேட்டீங்களா?"

"இருக்கறதுல நல்ல குவாலிட்டியா குடுங்கன்னு சொன்னேனுங்க்கா. எடுக்கறதே எடுக்கறோம்."

நான் எழுதிக் கொடுத்த மெயில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். லேபில் ஃபோனிலேயே பேசி முடித்துவிட்டதால் அனுப்பவில்லையாம். அவ்வளவு பணிவாகச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டவும் முடியவில்லை.

சரி, நானே சின்னதாக மாற்றிக்கொள்கிறேன் என்று மெஷினில் போட்டேன். ஒரு வாரம் அந்த அறையில் வேறு வேலை நடக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் ஃபோன் மேல் ஃபோன். காற்றாடி போட்டும் அறை அடுப்பங்கரை மாதிரி கொதித்தது.

மாற்றி முடித்து முதல் சீனைக் கோக்க உட்கார்ந்தேன். மலையிலிருந்து இறங்கும் பஸ் ஒன்று வளைவில் திரும்பிக் கேமராவைக் கடந்து போகிறது. போகும்போது ஒரு இடறல். கல்லில் கால் தட்டுவது போல ஒரு சின்ன இடறல். திரும்பப் பார்த்தேன். இன்னொரு இடறல். கண் எரிச்சலோ என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். நொடிக்கு ஒருமுறை ஒரே படம் இரண்டு தடவை வந்தது.

கேமரா எடுத்தது நொடிக்கு இருபத்திநாலு. ஃபைலில் இருந்தது இருபத்தைந்து. அந்த ஒன்றை ஈடுகட்ட லேப் ஒரு படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறது. இப்படிச் செய்தால் தனியாகப் பதிவு செய்த வசனம் உதட்டோடு பொருந்திவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அசைவு மட்டும் இடறிக்கொண்டே இருக்கும். நம்பர் இருந்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே கண்டுபிடித்திருப்பேன், ஒரே நம்பர் இரண்டு தடவை வந்திருக்கும்.

விசாரித்தால், இது நம்பரை எடுக்கச் சொன்ன தம்பியின் முடிவும் இல்லை. லேபில் இருபத்திநாலா இருபத்தைந்தா என்று கேட்டபோது, தம்பி கேமராமேனுக்கு ஃபோன் செய்திருக்கிறார். அவர் பாலக்காட்டுக்காரர், அப்போது ஒரு டி.வி. விளம்பரப் படப்பிடிப்பில் இருந்தார்; டி.வி.க்கு நொடிக்கு இருபத்தைந்துதான் கணக்கு. தன் கையில் இருந்த வேலையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து இருபத்தைந்து என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். யாரைக் கோபித்துக்கொள்வது? எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறவர்கள்.

தம்பியை வரச் சொன்னேன். வந்தார். பஸ் திரும்பும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன்.

"எங்கீங்க்கா?"

"இதோ... இப்ப. பார்த்தீங்களா? இதோ மறுபடி."

திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தள்ளி நின்று பார்த்தார். "எனக்கு ஒண்ணுந் தெரியலீங்க்கா," என்றார் வருத்தத்தோடு. எனக்காக வருத்தப்பட்டார், அதுதான் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வாத்தியார், நல்ல கண் உள்ளவர். "ஏனுங்க, இந்த பஸ்ஸைப் பாருங்க. ஏதாச்சும் தெரியுதுங்களா?" சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே முழுசாகப் பார்த்தார். "பஸ் நல்லாத்தான் போகுது. டிரைவர் பொறுமையான ஆளு," என்றார். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கண்ணுக்குத் தெரியாததை விட்டுப்போடலாங்க்கா," என்றார் தம்பி. "இப்படியே எடிட் பண்ணிக்கலாம். கடைசியில சரி பண்ணிக்கலாங்க."

திரும்ப வரும் படங்களை நானே எடுத்துவிடலாம்தான். ஆனால் நம்பர் இல்லாமல் இதை நெகடிவோடு எப்படிப் பொருத்துவது? லேபில் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணால் பார்த்து ரோலில் தேட வேண்டும். அதைச் சொன்னேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: இந்த ஃபைலே நல்ல குவாலிட்டிதானே, இதையே தியேட்டருக்குக் கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்க முடியாது என்றேன். இது அவசரத்துக்கு ஓட்டிய பிரதி, நிறமும் வெளிச்சமும் ஒரே அளவில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள், வானம் இருக்கிற இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருக்கிறது. சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். ஆமாங்க்கா, சரிங்க்கா, ஆகட்டுங்க்கா. கடைசியில், "அப்ப இதுலயே அட்ஜஸ்ட் பண்ணிப் போட்டுடுங்க்கா," என்றார்.

"இல்ல. முடியாது," என்றேன்.

'ங்க' போடவில்லை. குரலும் உயர்ந்துவிட்டது. காபித் தம்ளர்களோடு வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே வரலாமா வேண்டாமா என்று அப்படியே நின்றார். தம்பியின் முகம் சிவந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டு, "வாரனுங்க்கா," என்று சொல்லி இறங்கிப் போனார். அதன்பிறகு பல நாள் ஃபோன் இல்லை. வேறு எடிட்டரைத் தேடிக்கொண்டார் என்றே நினைத்தேன். அவர் டிஸ்குப் பெட்டி மட்டும் என் மேஜைக்கடியில் கிடந்து, காலை நீட்டும்போதெல்லாம் இடித்தது.

பிறகு ஒரு நாள் கேமராமேனே வந்து இறங்கினார். தம்பிதான் அழைத்து வந்தார், ஆனால் படியில் இரண்டடி பின்னால் வந்தார். கேமராமேனுக்குக் கொடுமுடி ஆற்றங்கரை சீனைப் போட்டேன். இடறலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவர் பார்த்தது வேறு.

"வானம் எங்கே?" என்றார். "மேடம், அன்னைக்கு மேகம் இருந்தது. அந்த மேகத்துக்காக ரெண்டு மணி நேரம் வெயிட் பண்ணினோம். மேகம் எங்கே?"

"நெகடிவ்ல இருக்குது சார்," என்றேன். "இதுல இல்ல. நம்பர் இருந்தாத்தான் லேப் அதைத் தேடி எடுக்கும்."

அன்றைக்கே அவர் லேபுக்கு ஃபோன் செய்து, எல்லா ரோலையும் திரும்ப ஓட்டச் சொன்னார். சின்ன ஃபைல், இருபத்திநாலு, கீழே நம்பர். நான் முதல் நாளே எழுதிக் கொடுத்த அதே மூன்று வரியைத்தான் அவர் சொன்னார். தம்பி தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு அவர்களுக்கு இட்லி எடுத்து வைத்தேன்.

புது டிஸ்க் வந்தது. ஒரே ஒரு டிஸ்க். என் மெஷின் நீரோட்டமாக ஓட்டியது, பஸ் இடறவில்லை, கீழே நம்பர் ஒழுங்காக ஓடியது. இனி எல்லாம் சரி என்று சந்தோஷமாகக் கோத்துக்கொண்டே வந்தேன். காங்கயம் பஸ் சீன் வரும்வரை.

அந்த சீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவாக நடித்தவர் ஈரோட்டில் பள்ளி ஆசிரியை, மேடை நாடகத்தில் நடிப்பவர். சீனில் அவர் ஜன்னலோரம் அஸ்திக் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், வசனம் இல்லை. முதல் டேக் எடுக்கும்போது யாரோ குறுக்கே வந்துவிட, டிரைவர் நிஜமாகவே பிரேக் போட்டிருக்கிறார். எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள். அவர் சட்டென்று கலசத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குனிந்து, "பாத்துங்ப்பா," என்கிறார். உயிரோடிருக்கும் அப்பாவிடம் சொல்வது போல. அடுத்த நொடி தான் என்ன சொன்னோம் என்று தெரிந்து வெளியே பார்க்கிறார். இரண்டாவது டேக்கில் பிரேக்கும் இல்லை, அந்த வார்த்தையும் இல்லை. முதல் பெட்டி டிஸ்கில் இதைப் பார்த்த நாளிலேயே, படம் முழுக்க இந்த இடத்தின் மேல்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

புது டிஸ்கில், அந்த டேக்கில், அவர் முகத்தின் மேல் நெடுக ஒரு கோடு ஓடியது. மழைக்கம்பி மாதிரி, நெற்றியிலிருந்து கண் வழியாகத் தாடை வரை, நடுங்கிக்கொண்டே. பழைய டிஸ்கை மாட்டிப் பார்த்தேன். கோடு இல்லை. இரண்டாம் முறை ஓட்டும்போது நெகடிவில் கீறல் விழுந்திருக்கிறது.

லேபுக்கு எழுதினேன். வருந்துகிறோம், கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் கணினியிலேயே கீறலை அழித்து ஒரு துண்டு அனுப்பினார்கள். கோடு போய்விட்டது, கூடவே கன்னமும் மெழுகு பூசியது போல் ஆகிவிட்டிருந்தது, கண் மட்டும் அதில் தனியாக அசைந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

திரும்ப ஓட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். அது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. முதல் தடவையே கேட்டபடி வந்திருந்தால் இரண்டாம் தடவைக்கு அவசியமே இல்லை. ஆனால் இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? தம்பிக்கு ஃபோன் செய்து கீறலைச் சொன்னேன். "பரவாயில்லீங்க்கா, நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார். அதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்று முழுக்க இரண்டாவது டேக்கை வைத்து சீனைக் கோத்துப் பார்த்தேன். சீன் உட்காரவில்லை. அக்கா சும்மா ஜன்னலோரம் இருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினேன். பெரிய ஃபைல். வேண்டவே வேண்டாம் என்று நான் சண்டை பிடித்த அதே ஃபைல். உலகத்திலேயே அந்த டேக் கீறலில்லாமல் இருப்பது இந்த இடத்தில் மட்டும்தான். நொடிக்கு ஒன்றாக நுழைந்திருந்த உபரிப் படங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கையாலேயே எடுத்தேன். பஸ்ஸின் அசைவு சீராயிற்று. பஸ்ஸுக்குள் எடுத்ததால் முகத்தில் வெளிச்சம் மோசமில்லை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் வெளுப்பு, காடும் இல்லை, பனைமரமும் இல்லை.

கேமராமேனுக்கு அனுப்பினேன். முதலில் முடியாது என்றார். பக்கத்து ஷாட்டுகளோடு சேராது, ஜன்னல் செத்துப்போயிருக்கிறது என்றார். அரைமணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "வெயில்னு நினைச்சுக்குவாங்க மேடம். அவங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. வெச்சிடுங்க." கடைசியில் ஷாட்டுக்கு ஷாட் நிறம் சேர்க்கும்போது மூன்று நாள் அந்த ஒரு ஷாட்டோடு மல்லுக்கட்டியதாகப் பிறகு சொன்னார். சேர்ந்துவிட்டது. படத்தில் மற்றதெல்லாம் நெகடிவிலிருந்து திரும்ப எடுத்தது, அது ஒன்று மட்டும் என் மேஜைக்கடியில் கிடந்த பெட்டியிலிருந்து போனது.

கோயமுத்தூரில் ஒரு சின்னத் தியேட்டரில் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தாராபுரத்திலிருந்து தம்பியின் சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். பஸ் சீனில் அரங்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. இடைவேளையில் டீயும் வடையும் கொடுத்தார்கள். தம்பி தன் மாமா ஒருவரிடம் அந்த ஷாட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெகடிவே கீறிப்போச்சுங் மாமா. நல்லவேளை, மொதல்லயே இருக்கறதுல பெரிய ஃபைலா எடுக்கச் சொல்லிட்டேன். அது இருந்ததாலதான் அந்த சீன் பொழச்சுது. இல்லீங்க்கா?" என்று என் பக்கம் திரும்பினார்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது. நொடிக்கு ஒன்றாக உபரிப் படங்களை நான் கையால் நீக்கியது, ஒரு வாரம் என் அறை வெந்தது, அவர் அனுப்பாமல் விட்ட மெயில், இரண்டாம் தடவை ஓட்டவே தேவையில்லாமல் போயிருக்கக்கூடியது, எல்லாம் தொண்டை வரை வந்தது. மாமா என்னைப் பார்த்து மரியாதையாகக் காத்திருந்தார். வாயில் வடை இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். தம்பிக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

எரிச்சலோடு வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். படத்தில் அக்காவாக நடித்த ஆசிரியை அங்கே நின்றிருந்தார். தன்னைத் திரையில் பார்க்க வெட்கமாக இருக்கிறது, அதனால் வெளியே வந்துவிட்டேன் என்றார். அதுவரை அவரை நான் நேரில் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் ரொம்ப நாள் பழகியவர் போலிருந்தது, அவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. எடிட்டர் என்று சொன்னேன்.

"ஏனுங், அந்த பஸ்ல எந்த டேக்கை வெச்சீங்க?" என்றார் உடனே. "நான் அந்த சீன் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்துட்டேனுங்க."

"முதல் டேக்குங்க. பிரேக் போட்டது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துட்டு வரும்போது ஆம்புலன்ஸ்ல நான் அப்படித்தானுங் சொல்லிக்கிட்டே வந்தேன். குழியில வண்டி எறங்குனா பாத்துங்ப்பா, பாத்துங்ப்பான்னு. அது அன்னைக்குத் தானா வந்துருச்சு. நடிப்பு தப்பாயிருச்சுன்னு வெட்டிருவீங்கன்னு நெனச்சேன்."

 உள்ளே மணி அடித்தார்கள். "வாங்க, மீதியைப் பாக்கலாம்," என்றேன். அவர் தயங்கினார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்து, கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.